கையும் விடுதலையும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

(கல்விக் கழக வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

 

விழாக் குழுவினர் என்னிடம், ‘மாணவர்க்கும் உறுப்பினர்க்கும் பயன்படும் ஒரு பொருளைப்பற்றிப் பேசுங்கள்’ என்று கேட்டுக்கொண்டனர். ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலில் இருந்தவன் நான். ஆகவே ஓர் ஆங்கிலச் சொல்லையே இன்று பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன். அது கடினமான சொல் அன்று. மூன்றாம் வகுப்புக் குழந்தையும் அறிந்த சொல்தான். ‘ஹேண்ட்’ என்பது அச்சொல். கை என்பது அதன் பொருள்.

வெள்ளி விழா மேடையில் பேசுவதற்கு இதுவா பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுமையோடு கேட்டருள வேண்டுகிறேன். இந்தச் சிறு சொல்லிலும் இதன் உறவாகிய சொற்களிலும் மனிதன் மனிதனை அடிமைப்படுத்திய வரலாறும், அந்த அடிமைத்தளை அறுந்த வரலாறும் அடங்கியிருக்கின்றன. நம் கழகம் எதற்காகத் தோன்றியது என்பதற்கும் இச்சொல்லிலேயே விடை இருக்கிறது.

மேடை ஏறுமுன் நம் கழகத்தின் முதற் பதிவேட்டைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதற் பக்கத்தில் உறுப்பினர் பெயர்களுக்கு எதிரே பல இடங்களில் கையெழுத்து இல்லை. நீல மையில் அழுந்தப் பதிந்த பெருவிரல் ரேகைகளே இருக்கின்றன. எழுதத் தெரியாத கைகள்தாம், பிள்ளைகள் எழுதக் கற்கவேண்டும் என்று இக்கழகத்தை எழுப்பின. அந்த ரேகைகளை மனத்தில் வைத்துக்கொண்டு என் பேச்சைத் தொடர்கிறேன்.

ஒரு சொல், பல பொருள்

ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’ என்பது உடலுறுப்பை மட்டும் குறிப்பதன்று. கடிகார முள்ளும் ‘ஹேண்ட்’ ஆகும். சீட்டாட்டத்தில் ஒருவருக்கு விழுந்த சீட்டுகளின் தொகுதியும் ‘ஹேண்ட்’ ஆகும். குதிரையின் உயரத்தை அளக்கும் 4 அங்குல அளவைக்கும் அதுவே பெயர். ஒருவருடைய எழுத்தின் வடிவத்தையும் ‘ஹேண்ட்’ என்பர். பக்கம், உதவி, கைதட்டல், திருமண உறுதி ஆகியவற்றையும் இச்சொல்லால் உணர்த்துவர். ‘ஹேண்ட்சம்’ என்றால் இன்று அழகன் என்று பொருள். ஆனால் தொடக்கத்தில், கையாள்வதற்கு எளிதானது என்பதே அதன் பொருளாக இருந்தது.

நம் தமிழிலும் கை என்னும் சொல் இவ்வாறே பரந்து நிற்கிறது. கையெழுத்து, கைநாட்டு, கைமாற்று, கையிருப்பு, கைத்தொழில், கைராசி, கையூட்டு என்று சொல்லிக்கொண்டே போகலாம். மனிதன் எந்த மொழி பேசினாலும் தன் கையைக் கொண்டே உலகை அறிந்தான் என்பதற்கு இது சான்று.

ஆனால் ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. கப்பலில் வேலை செய்பவன் ‘ஹேண்ட்’. பண்ணையில் கூலிக்கு உழைப்பவன் ‘ஹேண்ட்’. ஆலையில் தறி ஓட்டுபவனும் ‘ஹேண்ட்’. பஞ்சாலைகள் பெருகிய காலத்தில், ‘எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?’ என்று கேட்க வேண்டிய இடத்தில், ‘எத்தனை கைகள்?’ என்று இங்கிலாந்தின் முதலாளிகள் கணக்கிட்டனர். 1854-ஆம் ஆண்டில் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘ஹார்ட் டைம்ஸ்’ என்னும் புதினத்தில், ஆலைத் தொழிலாளர்க்கு ஊரார் வழங்கும் பெயரே ‘கைகள்’ என்பதுதான். அப்பெயரில் உள்ள கொடுமையை அவர் நகைப்போடு சுட்டிக்காட்டினார். கை என்றால் வாய் இல்லை, பேசாது. வயிறு இல்லை, பசிக்காது. தலை இல்லை, சிந்திக்காது. நெஞ்சு இல்லை; நோகாது. முழு மனிதனைக் கூலிக்கு வைத்துக்கொண்டு, அவனில் தனக்குப் பயன்படும் உறுப்பை மட்டும் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்!

நம் ஊர்களில் இதே உழைப்பாளியைப் பண்ணையாள் என்றார்கள். நெல்லைப் படியால் அளந்து கூலி பெற்றவனைப் படியாள் என்றார்கள். ஆள் என்றால் மனிதன். ஆள் என்னும் வினைக்கு ஆட்சி செய் என்பதும் பொருள். ஆங்கிலேயர் சொல்லைவிட நம் சொல் உயர்ந்தது என்று ஒருவர் பெருமை பேசலாம். ஆனால் ஆள் என்று அழைக்கப்பட்டவனை ஆளாக நடத்தினார்களா என்று நம் பாட்டன்மார்களைத்தான் கேட்க வேண்டும். சொல் உயர்ந்ததாக இருப்பது மட்டும் போதாது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்வோம்.

மூன்று வழியில் வந்த சொற்கள்

இனி இச்சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ‘ஹேண்ட்’ என்பது ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். ஜெர்மன், டச்சு, சுவீடிஷ் மொழிகளிலும் ஏறத்தாழ இதே வடிவில் வழங்குகிறது. பழைய ஆங்கிலம் பேசிய குடியானவனின் வீட்டிலும் வயலிலும் புழங்கிய சொல் இது.

1066-ஆம் ஆண்டில் பிரான்சின் வடபகுதியிலிருந்து நார்மானியர் படையெடுத்து வந்து இங்கிலாந்தை வென்றனர். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும் இலத்தீனும் அமர்ந்தன. கை என்பதற்கு இலத்தீனில் ‘மானுஸ்’ என்று பெயர். அந்த வேரிலிருந்து பிறந்த சொற்கள் ஆங்கிலத்தில் கூட்டம் கூட்டமாகக் குடியேறின. பிற்காலத்தில் கல்வி வளர்ந்தபோது, கிரேக்க மொழியில் கையைக் குறிக்கும் ‘கெயிர்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தவையும் வந்து சேர்ந்தன. எனவே குடியானவனின் கை, ஆள்வோனின் கை, அறிஞனின் கை என்று மூன்று கைகள் ஆங்கிலத்தில் உண்டு என்று நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

‘மேனுஸ்கிரிப்ட்’ என்றால் கையால் எழுதியது. ‘மேனுபாக்சர்’ என்றால் கையால் செய்தது. இன்று அனைத்தையும் இயந்திரமே செய்தாலும் பெயரில் கை இருக்கிறது. ‘மேனகிள்’ என்றால் கைவிலங்கு. ‘கமாண்ட்’, ‘டிமாண்ட்’ ஆகியவற்றுள்ளும் கை மறைந்திருக்கிறது. ஒன்றைப் பிறர் கையில் ஒப்படைத்தல் என்பது அவற்றின் மூலப்பொருள். ‘மேனேஜர்’ என்னும் சொல்லும் கையிலிருந்து வந்ததே. இத்தாலிய மொழியில் குதிரையைக் கையாண்டு பழக்குதலைக் குறித்த சொல்லே அதற்குத் தாய்.

இங்கே ஒரு வேடிக்கையைக் காணுங்கள். ஆலையின் உள்ளே வியர்வை சிந்துபவன் ‘ஹேண்ட்’. மேல் அறையில் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் ‘மேனேஜர்’. இருவர் பெயருக்கும் வேர்ப்பொருள் கைதான். ஒருவனைக் கீழேயும் ஒருவரை மேலேயும் வைத்தது சொல்லின் பொருள் அன்று. அச்சொல் எந்த வாசல் வழியாக வந்தது என்பதே.

எருவும் போர்த்தந்திரமும்

இதனைவிடத் தெளிவான சான்று ஒன்று சொல்கிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கையால் வேலை செய்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் தொடர் ஒன்று பிரெஞ்சு மொழிக்குள் புகுந்து ஒரு சொல்லாயிற்று. அச்சொல் ஆங்கிலத்திற்கு இருமுறை வந்தது. முதன்முறை வந்தபோது நிலத்தைக் கையால் பண்படுத்துதல் என்று பொருள்பட்டது. காலப்போக்கில் அப்பொருள் தேய்ந்து, நிலத்தில் இடும் சாணத்தையும் எருவையும் குறிக்கலாயிற்று. அதுவே ‘மெனியூர்’ என்னும் சொல். சில நூற்றாண்டுகள் கழித்து அதே சொல் இரண்டாம் முறை வந்தது. அப்போது படைத்தலைவர்கள் சேனையை நகர்த்தும் சூழ்ச்சித் திறனுக்குப் பெயராயிற்று. அதுவே ‘மனூவர்’ என்னும் சொல்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர். ஒருவன் எருக்குழியில் நிற்கிறான். மற்றவன் சேனாதிபதியின் பாசறையில் இருக்கிறான். பிறப்பினால் இவர்களுக்குள் ஏதேனும் வேறுபாடு உண்டா? எள்ளளவும் இல்லை. உழுதவன் கையில் இருந்தபோது அச்சொல் இழிந்தது. வாளேந்தியவன் கையில் இருந்தபோது உயர்ந்தது. பிறப்பினாலேயே ஒருவன் இழிந்தவன் என்று சொல்வோர்க்கு இந்த இரு சொற்களையும் காட்டுங்கள்.

தாழ்ந்த கைத்தொழில் உயர்ந்ததற்கும் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமா? ‘சர்ஜன்’ என்னும் சொல்லைப் பாருங்கள். அறுவை மருத்துவருக்கு நாம் வழங்கும் பெயர். கிரேக்கத்தில் கைவேலை என்று பொருள்படும் சொல்லே பல வாய்களில் தேய்ந்து இவ்வாறு ஆயிற்று. பெயரே கைவேலைக்காரன் என்பதுதான்! பழைய இங்கிலாந்தில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற மருத்துவர்கள் நாடி பார்ப்பார்கள், மருந்து சொல்வார்கள், கத்தியைத் தொடமாட்டார்கள். குருதியிலும் சீழிலும் கை வைப்பது தாழ்ந்த வேலை என்று கருதப்பட்டது. அதனால் 1540-ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்தில் அறுவை செய்வோரும் முடிதிருத்துவோரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர். 1745-இல் அவர்கள் பிரிந்தனர். 1800-இல் அறுவை மருத்துவர்க்கென்று அரச பட்டயம் பெற்ற கல்லூரி இலண்டனில் அமைந்தது. இன்றும் பிரிட்டனில் அறுவை மருத்துவரை ‘டாக்டர்’ என்று அழைக்காமல் ‘மிஸ்டர்’ என்றே அழைக்கும் வழக்கம் இருக்கிறது. பழைய தாழ்வின் அடையாளம் அது. இன்று அதையே அவர்கள் பெருமையாகக் கொள்கிறார்கள்.

அந்தக் கைவேலை உயர்ந்தது எவ்வாறு? கை மாறவில்லை. குருதியும் சீழும் மாறவில்லை. கையோடு கல்வி சேர்ந்தது. உடற்கூற்று அறிவு சேர்ந்தது. சங்கமும் கல்லூரியும் சேர்ந்தன. ஆகவே தம்பிமார்களே, உங்கள் தந்தையின் கை காய்த்துப்போன கை என்பதற்காகவோ, உங்கள் தாயின் கையில் சேறு படிந்திருக்கிறது என்பதற்காகவோ நாணம் கொள்ளாதீர்கள். பள்ளி விண்ணப்பத்தில் தந்தையின் தொழிலை எழுதும்போது தலைகுனியும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கைத்தொழிலில் இழிவு இல்லை. அத்தொழிலைச் செய்பவனுக்குக் கல்வியை மறுத்ததிலேதான் இழிவு இருக்கிறது. அந்த இழிவு மறுத்தவர்களைச் சேரும்.

பற்றிய கையும் விட்ட கையும்

இனி இந்த உரையின் நடுப்பொருளுக்கு வருகிறேன். பண்டைய ரோமாபுரியில் கை என்பதற்கு அதிகாரம் என்றும் பொருள். கணவனுக்கு மனைவிமீது இருந்த அதிகாரத்தை ‘மானுஸ்’ என்றே அவர்கள் சட்டம் குறித்தது. அடிமையையோ, எருதையோ, குதிரையையோ விலைக்கு வாங்க அங்கே ஒரு சடங்கு இருந்தது. ரோமக் குடிமக்கள் ஐவர் சாட்சியாக நிற்பர். ஆறாமவர் ஒருவர் வெண்கலத் தராசைப் பிடித்திருப்பார். வாங்குபவன் அந்த அடிமையைக் கையால் பற்றி, ‘இவன் எனக்குரியவன்’ என்று உரைப்பான். பிறகு வெண்கலத் துண்டினால் தராசைத் தட்டி, அதனை விற்பவனிடம் கொடுப்பான். அவ்வளவில் வாணிகம் முடிந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கையுஸ் என்னும் சட்ட அறிஞர் இச்சடங்கைத் தம் நூலில் விளக்கியிருக்கிறார். கையால் பற்றுதல் என்று பொருள்படும் ‘மான்கிபியும்’ என்னும் சொல்லே அடிமைக்கும் பெயராயிற்று. எருதும் மனிதனும் ஒரே பட்டியலில், ஒரே சடங்கில்!

அந்தச் சொல்லின் முன்னே, வெளியே என்று பொருள்படும் ஓர் எழுத்து சேர்ந்தால், பற்றிய கையிலிருந்து வெளியேறுதல் என்று பொருள் வரும். அதுவே ‘இமான்சிபேஷன்’ என்னும் சொல். விடுதலை என்று நாம் மொழிபெயர்க்கிறோம். ரோமச் சட்டத்தில் அது முதலில் தந்தையின் அதிகாரத்திலிருந்து மகன் விடுபடுதலையே குறித்தது. தந்தை தன் மகனை மும்முறை விற்றால் மகன் தந்தையின் அதிகாரத்திலிருந்து நீங்கியவனாவான் என்பது, கி.மு. 450-ஐ ஒட்டி எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்தின் விதி. அந்த விதியைக் கொண்டே பிற்காலத்தார் விடுவிக்கும் சடங்கை அமைத்தனர். அடிமையை விடுவிப்பதற்கு ‘மேனுமிஷன்’ என்னும் வேறு சொல் இருந்தது. கையிலிருந்து அனுப்புதல் என்று அதற்குப் பொருள். நூற்றாண்டுகள் கடந்தபின் ‘இமான்சிபேஷன்’ என்பதே அடிமைகளின் விடுதலைக்கும், உரிமை மறுக்கப்பட்ட எல்லா மக்களின் விடுதலைக்கும் உரிய பெரும்பெயராகியது.

ஆனால் ஒன்றை உற்று நோக்குங்கள். இந்த இரு சொற்களிலும் வினை செய்பவன் யார்? பிடித்தவன்தான் விடுகிறான். விடுபடுபவன் சும்மா நிற்கிறான். ரோமாபுரியில் விடுதலை பெற்ற அடிமையும் தன் பழைய எசமானுக்கு மரியாதையும் ஊழியமும் செய்யக் கடமைப்பட்டே இருந்தான். பிறர் கை திறந்ததனால் மட்டும் கிடைக்கும் விடுதலை அரை விடுதலையே. மற்றப் பாதி விடுபட்டவனுடைய சொந்தக் கையில் இருக்கிறது. இதற்கு அமெரிக்க நாட்டு வரலாறு சான்று பகர்கிறது.

எழுதக் கூடாத கை

1739-ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் தென் கரோலினாவில் நீக்ரோ அடிமைகள் கிளர்ச்சி செய்தனர். மறு ஆண்டு, 1740-இல், அங்கே கடுமையான அடிமைச் சட்டம் ஒன்று பிறந்தது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு அச்சட்டம் தண்டம் விதித்தது. அடிமையின் கை நெல் விளைவிக்கலாம், மரம் அறுக்கலாம், எசமானின் குழந்தையைத் தூக்கலாம். அந்தக் கை எழுதுகோலைப் பிடிக்க மட்டும் கூடாது! கையில் எழுத்து வந்தால் அது வெறும் கையாக இராது என்பதை ஆண்டைகள் நன்கு அறிந்திருந்தனர். நம் முன்னோர்க்குப் பள்ளிக் கதவை அடைத்தவர்களும் இதனை அறிந்தே அடைத்தார்கள்.

மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர் பிரடெரிக் டக்ளஸ். சிறுவனாக இருந்தபோது எசமானி அவருக்கு எழுத்துகளைச் சொல்லித்தரத் தொடங்கினார். கணவர் அதைத் தடுத்துவிட்டார். கற்றவன் அடிமையாக இருக்கத் தகுதியற்றவனாகிவிடுவான் என்பது அவர் கூறிய காரணம். அச்சொற்களைக் கேட்ட சிறுவனுக்கு விடுதலைக்கு வழி எது என்பது விளங்கிவிட்டது. பால்டிமோர் நகரத்துக் கப்பல் கட்டும் துறையில் வேலை செய்தபோது, தச்சர்கள் மரத்துண்டுகளின்மேல் எழுத்துகளைக் குறிப்பதைப் பார்த்தார். கப்பலின் இடப்பக்கத்துக்கு ஓர் எழுத்து, வலப்பக்கத்துக்கு ஓர் எழுத்து. அவற்றைப் பார்த்து எழுதிப் பழகினார். தெருவில் வெள்ளைக்காரச் சிறுவர்களைக் கண்டால், ‘உன்னைப்போல் எனக்கும் எழுதத் தெரியும்’ என்று பந்தயம் கட்டி, அவர்களை எழுதச் செய்து, புதிய எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். வேலியும் சுவரும் தெருவோரமும் அவருக்குப் பலகை, சுண்ணக்கட்டி எழுதுகோல். எசமானின் மகன் எழுதி எறிந்த பழைய ஏடுகளில் வரிகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்தில் எழுதி எழுதித் தம் கையெழுத்தைத் திருத்திக்கொண்டார்.

1838-இல் அவர் தப்பி வடநாடு சேர்ந்தார். 1845-இல் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். அடிமை முறையை எதிர்த்த நூல்களில் தலைசிறந்த ஒன்றாக அது திகழ்கிறது. எழுத்தினால் அந்தக் கை தன்னைத்தானே விடுவித்துக்கொண்டது.

1863-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஆபிரகாம் லிங்கன் விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். அன்று புத்தாண்டு ஆகையால், வந்தவர்களுக்கெல்லாம் காலை முதல் பல மணி நேரம் கைகொடுத்து அவர் கை மரத்து நடுங்கியது. நடுங்கிய கையெழுத்தைக் கண்டால், தாம் தயங்கியதாகப் பிற்காலத்தார் கூறுவார்களே என்று எண்ணிச் சற்று நிதானித்து, பிறகு உறுதியாக எழுதினார். கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டுமே அப்பிரகடனம் பொருந்தியது. நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்த அரசியலமைப்புத் திருத்தம் 1865-இல் நிறைவேறியது.

நம் நாட்டில்

பிரிட்டிஷ் இந்தியாவில் 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை உடைமைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. இரண்டுக்கும் இடையே 133 ஆண்டுகள்! ஏட்டில் கை திறந்தது; வயலில் பிடி தளரவில்லை.

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ரோமாபுரியின் அடிமைமுறையையும் அமெரிக்காவின் அடிமைமுறையையும் தீண்டாமையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து எழுதியவர். 1943-இல் வெளிவந்த தம் நூல் ஒன்றின் தலைப்பிலேயே ‘இமான்சிபேஷன்’ என்னும் சொல்லை அவர் அமைத்தார். ஆனால் பிடித்தவன் விடட்டும் என்று அவர் காத்திருந்தவர் அல்லர். 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள், மகாட் நகரத்துச் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கான மக்களுக்கு முன்னே இறங்கித் தம் கையால் நீரை அள்ளிப் பருகினார். அவர் அள்ளியது ஒரு கை நீர்தான். கால்நடைகள் நீர் அருந்தலாம், இம்மக்கள் தொடக் கூடாது என்றிருந்த நூற்றாண்டுக் கட்டளையை அந்த ஒரு கை உடைத்தது. அந்தக் கை ஏற்கெனவே சட்டமும் பொருளியலும் எழுதிய கை என்பதை மறக்கலாகாது. பின்னர் அரசியலமைப்பை வரையும் குழுவுக்குத் தலைமை தாங்கியதும் அதே கைதான்.

இப்பொழுது கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். ‘மேனுவல்’ என்று ஓர் ஆங்கிலச் சொல் உண்டு. அதற்கு இரு பொருள். பெயராக வந்தால் கையேடு. அலமாரியில் இருக்கும் நூல். அடைமொழியாக வந்தால் கையால் செய்வது. நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இச்சொல் எந்த இடத்தில் வந்து நிற்கிறது தெரியுமா? கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் சட்டத்தின் தலைப்பில்! 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் இன்னும் விரிவான சட்டம் வந்தது. கழிவுநீர்க் குழிகளில் உயிரிழந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியது; 2023-இல் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. சட்டம் வந்த பிறகும் குழிக்குள் மனிதர் இறக்கப்படுகிறார்கள். நச்சுக்காற்றில் மூச்சடங்கி மாய்கிறார்கள். ஒருவர் கைக்கு நூல். இன்னொருவர் கைக்கு மலக்கூடை. ஒரே சொல் இரண்டுக்கும் பெயராக நிற்கிறது. அந்தக் கூடையை இறக்கி, அந்தக் கையில் நூலைக் கொடுப்பதே நம் கழகத்தின் வேலை.

தொப்பிக்குள் கை

இளைஞர்கள் கல்லூரியிலும் அலுவலகத்திலும் எதிர்கொள்ளும் ஒரு வினாவுக்கும் இச்சொல்லிலேயே விடை உண்டு. ‘ஹேண்டிகேப்’ என்னும் சொல்லை இயலாமை என்று நாம் அறிவோம். தொப்பியைக் கையிலேந்திப் பிச்சையெடுத்தவரைக் குறித்து வந்த சொல் என்று சிலர் கூறுவதுண்டு, அது தவறு. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருவர் பண்டமாற்று ஆடும் ஓர் ஆட்டம் இருந்தது. இரு பொருள்களின் மதிப்பிலுள்ள வேறுபாட்டை நடுவர் ஒருவர் கணித்துச் சமன்செய்வார். ஆடுபவர்கள் தொப்பிக்குள் கையை விட்டெடுத்துத் தம் இசைவையோ மறுப்பையோ காட்டுவார்கள். தொப்பிக்குள் கை என்பதே அச்சொல்லின் மூலம். அடுத்த நூற்றாண்டில் அது குதிரைப் பந்தயத்துக்குச் சென்றது. வலிய குதிரையின்மீது கூடுதலான எடையை ஏற்றினார்கள். எதற்காக? பந்தயம் நியாயமாக நடக்கவேண்டும் என்பதற்காக.

ஆகவே அச்சொல்லின் பழைய பொருளில், சுமை ஏற்கவேண்டியவன் வலியவன்! நம் நாட்டிலோ ஈராயிரம் ஆண்டுகளாக எளியவன் முதுகில் சுமையை ஏற்றிவிட்டு, அவன் பின்தங்கினான் என்று பழித்தார்கள். இடஒதுக்கீடு என்பது பிச்சை என்று உங்களிடம் யாராவது சொன்னால், நீங்கள் சினம் கொள்ள வேண்டா; தலைகுனியவும் வேண்டா. குதிரைப் பந்தயத்துக்கே நடுவர் வேண்டும் என்று கருதிய உலகில், மனிதர்களின் பந்தயத்துக்கு நடுவர் வேண்டாவா என்று அமைதியாகக் கேளுங்கள்.

நிறைவாக

அன்பர்களே! சொல்லின் வரலாற்றைச் சொல்லப் புகுந்து நெடுநேரம் எடுத்துக்கொண்டேன். மூன்று செய்திகளைத் தொகுத்துக் கூறி விடைபெறுகிறேன்.

முதலாவது: எச்சொல்லும் பிறவியில் உயர்ந்ததும் அன்று, தாழ்ந்ததும் அன்று. மனிதனும் அவ்வாறே. இரண்டாவது: நம்மைக் கைகள் என்று மட்டும் எண்ணுவோர்க்கு, எங்களுக்குத் தலையும் நெஞ்சும் உண்டு என்று கல்வியால் விடை கூறவேண்டும். மூன்றாவது: பிடித்த கை விடுவது விடுதலையின் முதற்பாதி, நம் கை எழுதத் தொடங்குவது அதன் மறுபாதி.

ஆங்கிலம் நமக்கு எதற்கு என்று கேட்கும் தம்பிமார்களுக்கும் ஒரு சொல். எந்த மொழியும் ஒருவர் வீட்டுக் கிணறு அன்று. அண்ணல் அம்பேத்கர் ஆங்கிலத்தில் இறங்கி நீர் அள்ளினார். நீங்களும் அள்ளுங்கள். அகராதியைப் புரட்டுங்கள். ஒரு சொல்லைக் கண்டால் அதன் பொருளோடு நின்றுவிடாமல், அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று கேளுங்கள்.

கடைசியாக, கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் முதற் பதிவேட்டில் பெருவிரல் ரேகை வைத்த பெரியவர்களில் சிலர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். நாம் படிக்கவேண்டும் என்பதற்காகத் தாம் படிக்காமலே முதுமை எய்தியவர்கள் இவர்கள். படித்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு பெரியவரின் அருகே அமருங்கள். அவர் கையைப் பற்றுங்கள். ரோமாபுரி எசமான் பற்றியதுபோல் அன்று, பேரன் பற்றுவதுபோல், பேத்தி பற்றுவதுபோல். அவர் பெயரை அவர் கையாலேயே எழுதப் பழக்குங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அதே பதிவேட்டின் முதற் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு ரேகைக்கும் அருகே அவரவர் கையெழுத்தை இடச் செய்வோம். ரேகைகளை அழிக்க வேண்டா. அவை இந்தக் கழகத்தின் அடித்தளக் கற்கள். அவற்றின் பக்கத்தில் எழுத்து நிற்கட்டும்.

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் கல்விக் கழகம்!